உங்கள் தெருவிலிருந்தே புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவது எப்படி?

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்திய மாதர் சங்கமும் மக்களிடம் கேட்டுச் சேர்த்த பணம் அதன் பின்னால் இருந்தது. எங்கள் குடியிருப்பிலும் அந்த மருத்துவமனைக்காக நிதி திரட்டுகிறோம். முதன்முறை செய்பவர்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மருத்துவமனையிடம் பேசுங்கள்

நோட்டீஸ் அடிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். மருத்துவமனையின் பெயரைப் போட்டு நிதி திரட்டலாமா, எந்தக் கணக்கில் கட்ட வேண்டும், கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் தனி ரசீது கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். சிகிச்சை என்றால் எல்லோரும் உடனே கொடுப்பார்கள். ஆராய்ச்சி என்றால் தயங்குவார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சென்னையில் யாருக்கு, எந்த வகைப் புற்றுநோய் வருகிறது என்ற பதிவேட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து இந்த மருத்துவமனைதான் பராமரித்து வருகிறது. எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்று தெரிந்தால்தானே பரிசோதனை முகாமை எதற்காக நடத்துவது என்று முடிவு செய்ய முடியும்? இப்படிச் சொன்னால் பலருக்குப் புரிகிறது.

2. பணம் உங்கள் வழியாகப் போக வேண்டாம்

இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். முதல் வருடம் எல்லோரையும் என் கூகுள் பேவுக்கே அனுப்பச் சொல்லி, மொத்தமாக மருத்துவமனைக்குக் கட்டினேன். ரசீது என் ஒருவர் பெயரில் வந்தது. வரிவிலக்கை நம்பி 5,000 ரூபாய் கொடுத்த மேல்மாடி மாமாவுக்கு என்னால் எதுவும் காட்ட முடியவில்லை. அவர் கோபப்படவில்லை, ஆனால் எனக்குப் பல நாள் உறுத்தியது.

இப்போது நன்கொடையாளரே நேராக மருத்துவமனைக் கணக்கில் கட்டிவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தொகையை மட்டும் சொல்கிறார். பான் எண்ணையும் முகவரியையும் மருத்துவமனைக்கே கொடுக்கிறார். குரூப்பில் யாரும் அதைப் போட வேண்டாம்.

நன்கொடைக்கான இந்த வரிவிலக்கு (80ஜி என்பார்கள்) பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. இரண்டையும் நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு உறவினர் கொடுக்க ஆசைப்படுவார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் சிக்கல் குறைவு. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். அவரை நேராக மருத்துவமனையிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கவே கூடாது.

3. ஒரு மாலை நிகழ்ச்சி

எங்களுக்குக் கைகொடுப்பது சாப்பாட்டுக் கடைதான். சுண்டல், பஜ்ஜி, பணியாரம் எல்லாம் வீட்டிலேயே செய்து வாசலில் வைத்து விற்போம். எண்ணெய், மாவுச் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டால் வரும் பணம் முழுவதும் நிதிக்கே போகும். மைக் வைப்பதென்றால் போலீஸ் அனுமதி வாங்குங்கள். சில்லறை நிறைய வையுங்கள்.

உண்டியல் வைத்தால் மூடி சீல் வையுங்கள். திறக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தாளில் கையெழுத்துப் போடட்டும். மறுநாளே வங்கியில் மருத்துவமனைக் கணக்கில் கட்டிவிடுங்கள்.

4. நோயாளியின் படம் வேண்டாம்

மொட்டையடித்த குழந்தையின் படத்தைப் போட்டால் பணம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குழந்தை குணமாகிப் பள்ளிக்குப் போகும்போதும் அந்தப் படம் யாரோ ஒருவர் போனில் இருக்கும். மருத்துவமனைக் கட்டடத்தின் படமே போதும்.

5. கணக்கு

வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று அன்றிரவே குரூப்பில் போடுங்கள். ஐந்து ரூபாய் இடித்தாலும் அதையும் எழுதுங்கள். அப்புறம், குரூப்பில் இல்லாதவர்களை மறந்துவிடாதீர்கள். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா வருடா வருடம் ஐம்பது ரூபாய் உண்டியலில் போடுகிறார். வங்கியில் கட்டிய சீட்டை அவர் கடைக்கே எடுத்துப்போய்க் காட்டிவிட்டுத்தான் நாங்கள் நோட்டை மூடுகிறோம்.