அமெரிக்க மதுவிலக்கு பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் காணொளிகளுக்கு வரும் ஸ்கிரிப்டுகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவர் அல் கபோன் என்று தொடங்கினாலே புதியவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். எங்கள் செட்டும் அதே இடங்களில் சறுக்கியதுதான். ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழையை விட்டுவிடுகிறேன், தேடினால் கிடைத்துவிடும்.

குடிப்பதே குற்றம் என்று எழுதுவது

1920 ஜனவரி 17 முதல் தடைபட்டவை தயாரிப்பு, விற்பனை, சரக்கைக் கொண்டுபோவது. முன்பே வாங்கி வீட்டில் வைத்திருந்ததைத் தாராளமாகக் குடிக்கலாம். டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கியே கிடைத்தது.

மதுவிலக்குதான் ரவுடிகளைப் பெற்றெடுத்தது என்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். "சட்டம் வந்தது, மாஃபியா பிறந்தது" என்று ஒரு தம்பி பஞ்ச் வைத்திருந்தார். குரல், இசை எல்லாம் சேர்த்து வெளியிட்டாயிற்று. "அப்போ 1933ல சட்டத்தை எடுத்ததும் அவங்க ஏன் காணாமப் போகல?" என்று ஒருவர் கேட்டார். பதில் இல்லை. காணொளியை இறக்கி, மறுபடி எல்லாம் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. செலவு தம்பி தலையில்.

சிகாகோவைப் பாருங்கள். பிக் ஜிம் கொலோசிமோ விபசார விடுதி நடத்திப் பணம் பார்த்தவர். முதல் வார்டு அரசியல்வாதிகளுக்கு ஓட்டுப் பிடித்துக் கொடுத்ததால் போலீஸ் அவர் பக்கம் வராது. இதெல்லாம் 1920க்கு முன்பே. மதுவிலக்கு செய்தது, இந்த ஏற்பாட்டுக்குள் கணக்கில்லாத பணத்தைக் கொட்டியது. பீரைப் பாக்கெட்டில் ஒளித்துக் கொண்டுபோக முடியுமா? ஆலை வேண்டும், லாரி வேண்டும், வழிநெடுக மாமூல் கொடுக்க வேண்டும். சில்லறை ரவுடியால் ஆகிற காரியமில்லை. கொலோசிமோவிடம் வேலை பார்த்த ஜானி டோரியோ, நகரத்தையே ஏரியா ஏரியாவாகப் பிரித்துக் கும்பல்களுக்குக் கொடுத்தார்.

ஏமாந்தவன் கோர்ட்டுக்குப் போக முடியாத தொழில் இது. சீபன் பீர் ஆலையில் தனக்கிருந்த பங்கை இன்னொரு கும்பலின் தலைவர் டீன் ஒபானியன் டோரியோவுக்கு விற்றார். 1924 மே மாதம் அங்கே ரெய்டு வந்தது. டோரியோ கையும் களவுமாகச் சிக்கினார். ரெய்டு வருவது ஒபானியனுக்கு முன்பே தெரியும் என்பதுதான் பரவலான பேச்சு. நவம்பரில் அவரை அவருடைய பூக்கடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். (ஆமாம், பூக்கடை வைத்திருந்தார்.) அடுத்த ஜனவரியில் டோரியோவும் சுடப்பட்டார். பிழைத்தவர், தொழிலைக் கபோனிடம் விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

1933 டிசம்பரில் தடை நீங்கியபோது பணமும் ஆள்பலமும் அப்படியே இருந்தன. சூதாட்டம், கந்துவட்டி, தொழிற்சங்க மிரட்டல் என்று தொழிலை மாற்றிக்கொண்டார்கள். தம்பியின் ஸ்கிரிப்டில் இதற்கு இடமே இல்லை.

கபோனைச் சிசிலிக்காரர் ஆக்குவது

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம், சிசிலித் தீவு இல்லை.

மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்தான் கபோனை உள்ளே தள்ளினார் என்பது

தள்ளியது வருமான வரி வழக்கு. 1931இல் 11 ஆண்டு சிறைத்தண்டனை.

ஒருவரும் குடியை விடவில்லை என்பது

தொடக்க ஆண்டுகளில் குடி நன்றாகவே குறைந்தது, பிறகுதான் மெல்ல ஏறியது. விலை ஏறியதில் கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. வசதியானவர்கள் ரகசிய பார்களில் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.