முகவர் வழியாக வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரின் முதல் நேர்காணல்

வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒருவர் உங்களை முதன்முறையாக நேர்காணலுக்கு அழைத்தால், விடைகளைத் தயார் செய்வதற்கு முன்பே, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவில்லாதவரிடம் கடவுச்சீட்டின் நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். ரசீது கேட்கத் தயங்காதீர்கள்.

முகவர் இடையில் நிற்பவர். வேலை தருவது நிறுவனம். ஆகவே நிறுவனத்தின் பெயர், பணியிடம், ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை முன்கூட்டியே அவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, நேர்காணலில் நிறுவனப் பிரதிநிதி சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெல்டர், எலக்ட்ரீசியன் போன்ற தொழில்களுக்குப் பேச்சுத்திறனைவிடச் செய்முறைத் தேர்வே பெரிதும் கணக்கில் கொள்ளப்படுவதால், முந்தைய வாரம் முழுவதும் கருவிகளோடு பழகுவது நல்லது. செய்யாத வேலையைச் செய்ததாகத் தன்விவரக் குறிப்பில் எழுத முகவரே சொன்னாலும் இணங்காதீர்கள். அந்தப் பொய் பணியிடத்தில் உங்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கூடுதல் நேர வேலைக்கு என்ன ஊதியம், தங்குமிடமும் உணவும் யார் பொறுப்பு என்று நீங்களும் கேளுங்கள். சுற்றுலா விசாவில் சென்று பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், அங்கேயே மறுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.