வேனில் ஏழு பேர், ஒரு கீர்த்தனைப் புத்தகம்

முதல் தடவை சொதப்பிவிட்டேன். வங்கியில் என்னோடு வேலை பார்க்கும் ஆறு பேரை ஓர் இரண்டாம் சனிக்கிழமை திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிக்குக் கூட்டிப்போனேன். அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலைப் பார்த்தோம், படம் எடுத்தோம், வழியில் பதநீர் குடித்தோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. திரும்பும்போது கைப்பையிலிருந்து இயேசுவைப் பற்றிய ஆறு கைப்பிரதிகளை எடுத்து ஆளுக்கொன்று நீட்டினேன். வேனுக்குள் பேச்சு நின்றுபோனது. முன் இருக்கையில் இருந்த அக்கா அதை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், ஜன்னல் இடுக்கில் செருகினார். காலையிலிருந்து சிரித்துப் பேசியதெல்லாம் இந்தத் தாளைக் கொடுக்கத்தான் என்று நினைத்திருப்பார்கள். நினைக்காமல் எப்படி இருப்பார்கள்?

அந்த அக்கா திங்கட்கிழமை எப்போதும்போலப் பேசினார். அது அவர் குணம். ஆனால் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போய்வந்துவிட்டோம். உங்கள் விசுவாசத்தை நண்பர்களிடம் சொல்ல ஆசை இருக்கிறது, பிரசங்கம் பண்ணவும் கூச்சமாக இருக்கிறது என்றால், நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். கேள்வி தானாக எழும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சும்மா இருங்கள். மூன்றாவதுதான் கஷ்டம்.

அழைக்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். "சும்மா ஒரு டூர்" என்று கூட்டிப்போய்க் கோயில் வாசலில் இறக்கிவிடுவது ஏமாற்றுவேலை. நான் இப்படிச் சொல்வேன்: "நான் கும்பிடுற சாமி நம்ம ஜில்லாவுக்கு எப்படி வந்தாருன்னு ரெண்டு இடம் காட்டுறேன். வழியில பாட்டு உண்டு. ஜெபம் பண்ணச் சொல்ல மாட்டேன், முழங்கால் போடச் சொல்ல மாட்டேன். இஷ்டம்னா வாங்க." இதைக் கேட்டு வராதவர்களும் உண்டு. வருகிறவர்கள் மனதார வருவார்கள்.

இரண்டு இடம் போதும். ஆசைப்பட்டு ஒரே நாளில் மெஞ்ஞானபுரம், மணப்பாடு, டோனாவூர், காற்றாடிமலை என்று அடுக்கினால் மாலையில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது, கால்வலியைத் தவிர. எங்களுக்குப் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பெண் கட்டிய கோயில், அப்புறம் இடையன்குடி. போவதற்கு முன்னால் சேகர குருவுக்கோ (அந்த வட்டாரச் சபைகளின் போதகர்) சாவி வைத்திருப்பவருக்கோ ஒரு போன் போட்டு, அன்றைக்குக் கல்யாணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கதவு முன்னால் வரலாறு சொல்வது பெரிய கொடுமை.

குளோரிந்தா கதையை எப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதே முறைதான். வெளியே நின்று சொல்ல மாட்டேன். உள்ளே போய் எல்லோரும் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்று படட்டும் என்று இரண்டு நிமிஷம் விடுவேன். சின்னக் கோயில்தான். "இதைக் கட்டியது ஒரு விதவை" என்று தொடங்குவேன். தஞ்சாவூர் மராத்திப் பிராமணக் குடும்பத்துப் பெண். கணவன் செத்த பிறகு உடன்கட்டையிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரி அவளைக் காப்பாற்றினான் என்பது வழிவழியாக வரும் கதை. அதை "என்று சொல்வார்கள்" என்றே சொல்ல வேண்டும், சாட்சிப் பத்திரம் போல அடித்துச் சொல்லக் கூடாது. அவள் அந்த அதிகாரியோடு வாழ்ந்தாள். அவனிடமிருந்தே வேதத்தைத் தெரிந்துகொண்டு, ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மன் பாதிரியாரிடம் கேட்டாள். அவர் மறுத்துவிட்டார், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறாள் என்று. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். முதல் பெயர் அவளுடையது. 1785இல் இந்தக் கோயில். இன்றைக்கும் ஊரில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் தெரியும்.

இவ்வளவுதான். ஒரு ஆள், மூன்று வருஷ எண்கள், ஒரு சங்கடம். அந்தச் சங்கடத்தை விட்டுவிட்டால் கதை செத்துப்போகும். ஒருமுறை எங்கள் கடன் பிரிவில் இருக்கும் பெண் நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப அவ கேட்டப்போ கொடுக்காத ஐயர் செஞ்சது சரியா மேடம்?" என்னிடம் தயார் பதில் இல்லை. "எனக்கும் அது உறுத்துது. இயேசு கிணத்தடியில ஒரு சமாரியப் பொண்ணுகிட்ட பேசினார், அவளுக்கு அஞ்சு புருஷன்னு தெரிஞ்சும் பேசினார். அதை நினைச்சா ஐயர் அவசரப்பட்டுட்டாரோன்னு தோணும்" என்றேன். அவள் அந்தக் கிணற்றடிக் கதையை முழுசாகச் சொல்லச் சொன்னாள். நான் கைப்பிரதியில் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அவள் கேட்டதால் வந்தது.

கதையைத் தயார் செய்ய ஒரு சின்ன யோசனை: ஒரு அட்டையில் ஐந்து வரிக்கு மேல் எழுதாதீர்கள். ஆறாவது வரி எழுதக் கை துறுதுறுக்கும். அதைக் கேள்வி வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

இடையன்குடிக்குத் திசையன்விளை வழியாகப் போவோம். பனைமரமும் செம்மணலும் ஆரம்பிக்கும்போதே வேனில் குரல்கள் மாறும். கால்டுவெல் 1841இல் இங்கே வந்தார், அதுவும் சென்னையிலிருந்து நடந்து. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அந்தப் பெயர் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும், அதனால் இங்கே நான் பேசாமலே பாதி வேலை முடிந்துவிடும். கோயிலுக்கு 1847இல் அடித்தளம் போட்டு 1880இல் பிரதிஷ்டை. முப்பத்துமூன்று வருஷம். அவர் மனைவி எலைசா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1891இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். அவர் இருந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம்.

இதோடு நிறுத்தினால் அது சுற்றுலா வழிகாட்டி சொல்வது. நான் சேர்த்துச் சொல்வது 1849. அந்த வருஷம் கால்டுவெல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். படித்தால் இன்றைக்கும் முகம் சிவக்கும். மூளை மந்தம் என்கிற தொனியில் அவர் எழுதியது என் கொள்ளுத்தாத்தா தலைமுறையைப் பற்றி. எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தக் காலத்திலேயே மிஷனரிகளோடு முறைத்துக்கொண்டு சட்டாம்பிள்ளை என்பவர் 1857இல் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாகவே ஒரு சபை நடத்தினார். வெள்ளைக்காரன் உதவி இல்லாமல் இயேசுவைக் கும்பிட முடியும் என்று காட்டிய மனுஷன். எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்கும்.

"இவ்வளவு தெரிஞ்சும் எப்படி இந்தக் கோயில்ல உட்காருறீங்க?" காசாளர் சார் கேட்டார். உங்களிடமும் இந்த மாதிரிக் கேள்வி வரும், வந்தால் அதுதான் அந்த நாளின் முக்கியமான நிமிஷம். நான் சொன்னேன்: "சார், எங்க அம்மா கல்யாணம் இங்கதான். கால்டுவெல்லுக்காக நாங்க கும்பிடலை. எங்க ஆட்களைத் தாழ்த்தி எழுதினவரோட கையிலேயே, தாழ்ந்தவங்களைத் தேடி வந்த ஒருத்தரோட கதையும் இருந்துச்சு. எங்க பாட்டி அந்தக் கதையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க." அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "அரிசிக்காகத்தானே மாறினாங்க?" கோபப்படாதீர்கள். 1877 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்ததும், சிலர் அப்புறம் போய்விட்டதும் உண்மை. பள்ளிக்கூடத்துக்காக, மேல்சாதிக்காரன் அடிக்காமல் இருப்பதற்காக வந்தவர்களும் உண்டு. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றியதில் எனக்கு வெட்கம் இல்லை, ஆனால் கஞ்சியைக் காட்டி ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அதில் வெட்கம் உண்டு. இதையே நேராகச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் உவரி. கடலில் கால் நனைக்கத்தான். அங்கே அந்தோணியார் கோயிலும் உண்டு, கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயிலும் உண்டு. கூட வந்தவர்கள் சுவாமி கும்பிடப் போகவேண்டும் என்றால் வண்டியை நிறுத்துங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். என் கோயிலில் அவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள் அல்லவா. ஒருமுறை அக்கா எனக்கு அந்தக் கோயிலின் கதையைச் சொன்னார். நான் கேட்ட கேள்விகள் அவருக்குச் சந்தோஷம். திரும்பி வரும்போது அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் அதனால் வந்தவை என்று நினைக்கிறேன்.

பாட்டுக்கு வருகிறேன். திரும்பும் வழிதான் பாட்டுக்கு நேரம். காலையில் எல்லோரும் இட்லி, போன், செல்ஃபி என்று இருப்பார்கள். இருட்டத் தொடங்கும்போது வேனில் ஓர் அமைதி வரும், அப்போது.

ஸ்பீக்கரில் போடாதீர்கள். வண்டியில் பாட்டுப் போட்டால் அது சத்தம். நீங்களே பாடுங்கள், சுமாராக இருந்தாலும். நான் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். தனியாகப் பாடினால் மேல் ஸ்தாயியில் குரல் உடையும். உடைந்தால் சிரிப்பார்கள், அதுவும் நல்லதுதான். "இவர்களுக்கு எது பிரயோஜனப்படும்" என்று பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்களுக்கு எது உயிரோ அதைப் பாடுங்கள். பாடுவதற்கு முன்னால் இரண்டே வாக்கியம். நான் சொல்வது: அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி ராத்திரி, அம்மாவுக்கு ஜெபம் பண்ண வார்த்தை வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கீர்த்தனையின் சரணத்தை வார்த்தை இல்லாமல் முனகிக்கொண்டிருந்தார், விடியும்வரை, அதே நாலு வரி. அதைச் சொல்லிவிட்டு அந்தச் சரணத்தைப் பாடுவேன். விளக்கம் சொல்வதில்லை.

கீர்த்தனையில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் கேட்டுப் பழகிய வடிவம், மெட்டும் நம் ராகம். கர்நாடக சங்கீதம் படித்தவர் வேனில் ஒருவர் இருந்தால் போதும், பேச்சு தானாக நகரும். அக்கா சின்ன வயதில் ஏழு வருஷம் பாட்டுப் படித்தவர். புத்தகத்தை வாங்கி, பாட்டுக்கு மேலே அச்சிட்டிருந்த ராகத்தையும் தாளத்தையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதில ஆனந்தபைரவின்னு போட்டிருக்கு, நீ பாடுறது வேற என்னமோல்லா?" என்றார். உண்மைதான். தலைமுறை தலைமுறையாகக் கேட்டே பாடியதில் பல பாட்டுகள் அச்சிட்ட ராகத்தை விட்டு எங்கோ போய்விட்டன. முதல் தொகுப்பை மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் என்ற அமெரிக்கர் 1853இல் கொண்டுவந்தார். அதிலிருந்து கணக்குப் போட்டால் எவ்வளவு வாய் மாறியிருக்கும்.

அப்புறம், பல கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் கதை. 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். குறவஞ்சி வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி எழுதினார், அதற்குள் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற வானியலையும் வைத்தார். பின்னால் வந்த மிஷனரிகள் தமிழ் இசையை ஓரங்கட்டப் பார்த்தபோது சண்டை போட்டார். இங்கேயும் இன்னொரு பக்கத்தை மறைக்கக் கூடாது: அதே மனிதர், கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தையும் விடக் கூடாது என்று வாதாடினார். பாட்டு அவ்வளவு இனிப்பு, இது அவ்வளவு கசப்பு. இரண்டையும் சொன்னபோது வேனில் யாரோ "அதானே பார்த்தேன்" என்றார்கள்.

நீங்கள் இரண்டு பாடினால் அவர்களை இரண்டு பாடச் சொல்லுங்கள். திருப்பாவை வரும், இளையராஜா வருவார், போன மாதம் வந்த படப் பாட்டும் வரும். உங்கள் பாட்டை எப்படிக் கேட்டார்களோ அப்படிக் கேளுங்கள். நடுவில் "எங்களிலும் இப்படி ஒரு பாட்டு..." என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்து இரண்டு முறை கடிபட்டிருக்கிறேன்.

இறங்கும்போது எதுவும் கொடுக்காதீர்கள். மறுநாள் குழுவில் படங்களைப் போடலாம், வசனம் சேர்க்காமல். யாராவது ஏதாவது கேட்டால் தனியாக, டீ குடிக்கும்போது பேசலாம்.

போன தடவை அக்கா மட்டும் கீர்த்தனைப் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிப்போனார், ராகம் பார்க்க வேண்டுமாம். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பென்சிலால் பதினோரு பாட்டுகளுக்கு மேலே ராகத்தின் பெயரை அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். ஒரு பாட்டில் மட்டும் ராகத்தை விட்டுவிட்டு, மூன்றாவது சரணத்தில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் "இது ஏன்?" என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.