சுகர் புண்: வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்

காலில் புண் வந்த சர்க்கரை நோயாளி பெரும்பாலும் சொல்வது, "வலியே இல்லை, அதுவா ஆறிடும்." பயப்பட வேண்டியதே அந்த வலியின்மைக்குத்தான். பல வருடச் சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப்போகும். செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் ஒருவர் நடந்து வருகிறார் என்றால், அந்தப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். சித்திரை வெயிலில் மீனாட்சியம்மன் கோயில் வீதிகளில் வெறுங்காலோடு நடந்தால் அவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. விடிகாலையில் போகட்டும். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியை யாராவது பார்த்துவிடுங்கள்.

கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், ஆணியைக் கரைக்க ஒட்டும் கார்ன் கேப் பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பெருவிரலுக்குக் கீழே தடித்த மஞ்சள் தோலின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். மருத்துவர் அந்தத் தோலை எடுத்த பிறகுதான் அடியில் இருக்கும் புண்ணின் உண்மையான அளவு தெரியும்.

மஞ்சள், காபித்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். வெந்நீரில் ஊறவைப்பதும் வேண்டாம். சலைனில் (கிருமி நீக்கிய உப்பு நீர்) கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். அப்புறம் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அங்கேயும் புண்ணை மேலாகப் பார்த்துக் கட்டுப்போட்டு அனுப்பினால் போதாது. 10 கிராம் அழுத்தம் தரும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் உணர்ச்சியைச் சோதித்தார்களா, பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார்களா, எலும்பு வரை புண் போயிருக்கிறதா என்று கேளுங்கள். எலும்பில் கிருமி இறங்கியிருந்தாலும் முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, தவறாமல் கட்டு மாற்றிக்கொண்டு அதே காலை ஊன்றி நடப்பது. உள்ளங்காலில் புண் இருக்கும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையை அதன் மேல் இறக்குகிறது. புதிதாக வளர்ந்த சதை நசுங்கிவிடும். "பாத்ரூம் வரைக்கும்தானே" என்று நடப்பதும் கணக்கில் சேரும். மருந்துக்குச் செலவழிக்கும் குடும்பங்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ரத்த ஓட்டம் சரியாக இருந்து, கிருமி இல்லாத புண் என்றால் பாதம் முழுக்க அணைத்துப் போடும் மாவுக்கட்டு நல்ல வழி. எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு ஆறிய காலைக் காக்கத்தான். ஆறாத புண்ணுக்கு அது மட்டும் போதாது. 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் சிகிச்சையை மறுபடி யோசிக்கச் சொல்லுங்கள்.

சிவப்பு பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் சரி, பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.