புது லேஸ் பூச்சியை விவரித்து எழுதுவது எப்படி? முதல்முறை எழுதுகிறவர்களுக்கு

இலையின் மேலே வெளிறிய புள்ளிகள், திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்புக் கறுப்பாக எச்சம். அங்கே லேஸ் பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும், லென்ஸ் வைத்தால்தான் அந்தச் சல்லடைச் சிறகே தெரியும். டிங்கிடே என்ற இந்தக் குடும்பத்தில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அதனால் "புது இனம்!" என்று குதிப்பதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது.

படி 1: சேகரிப்பு

ஒரே ஒரு பூச்சியோடு வந்துவிடாதீர்கள். ஆண், பெண், முடிந்தால் இளம்பூச்சிகளும் வேண்டும். பூச்சி உட்கார்ந்திருந்த செடியெல்லாம் அதன் உணவுச்செடி ஆகிவிடாது, காற்றில் அடித்துவரப்பட்டும் வந்து உட்காரும். இளம்பூச்சிகளும் அதே இலையில் இருந்தால் ஓரளவு நம்பலாம். சிலவற்றை டிஎன்ஏ வேலைக்காக 95 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிட்டு, மற்றவற்றை முக்கோண அட்டையின் நுனியில் துளிப் பசை வைத்து ஒட்டுங்கள். சீட்டில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, செடி, சேகரித்தவர் எல்லாம் வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுங்கள். 3/4 என்று எழுதினால் அது ஏப்ரலா மார்ச்சா என்று பின்னால் வருகிறவர் மண்டையை உடைத்துக்கொள்வார்.

படி 2: பழசு இல்லையே?

உண்மையில் முக்கால்வாசி வேலை இதுதான். டிரேக், ரூஹாஃப் என்ற பூச்சியியலாளர்கள் இருவரும் 1965-ல் வெளியிட்ட லேஸ் பூச்சிகளின் உலகப் பட்டியலில் தொடங்கி, அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள் வரை உங்கள் பேரினத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். தோல் உரித்த சற்று நேரத்தில் பிடித்த பூச்சி வெளிறி இருக்கும், அது வேறு இனம் மாதிரியே தோன்றும் (நானும் ஒருமுறை இப்படி இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன்). அப்புறம், ஒரே இனத்திலேயே நீளச்சிறகு, குட்டைச்சிறகு என்று இரண்டு வடிவமும் இருக்கக்கூடும்.

படி 3: நுண்ணோக்கியில்

தலையிலிருந்து ஆரம்பியுங்கள். தலையில் முள் எத்தனை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறியுங்கள். உணர்கொம்பில் நான்கு கணுக்கள், மூன்றாவதுதான் பொதுவாக நீளம். நான்கையும் தனித்தனியே அளந்து விகிதம் எழுதுங்கள். அடுத்து முன்மார்பின் முதுகுத்தகடு. பல இனங்களில் அதன் முன்பகுதி முக்காடு போட்ட மாதிரி உப்பி, தலையையே மூடிவிடும். நடுவில் ஓடும் வரம்பு ஒன்றா மூன்றா, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு எவ்வளவு அகலம் என்பதையும் பாருங்கள்.

சிறகுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம். வெளிவிளிம்பை ஒட்டிய பட்டையில் கண்ணாடிக் கட்டங்கள் எத்தனை வரிசை என்று மிக அகலமான இடத்தில் எண்ணுங்கள். "இரண்டு வரிசை" என்று எழுதிவிட்டு அடுத்த பூச்சியைப் பார்த்தால் நடுவில் மட்டும் மூன்று இருக்கும், அதே பூச்சியின் இடச்சிறகில் ஒன்று, வலச்சிறகில் வேறொன்றுகூட இருக்கும். சராசரி போட்டு மறைக்காமல் "இரண்டு, நடுவில் சிலவற்றில் மூன்று" என்று அப்படியே எழுதுங்கள்.

படி 4: எழுத்து

முழு விவரிப்புக்கு முன் வேறுபாட்டுக் குறிப்பு வரட்டும். மிக நெருங்கிய இனம் எது, அதிலிருந்து இது எதில் மாறுகிறது என்று நான்கைந்து வரி போதும். "அழகிய", "சற்றே பெரிய" எல்லாம் வேண்டாம், மில்லிமீட்டர் கொடுங்கள். முதுகுப்பக்கம், பக்கவாட்டு, வயிற்றுப்பக்கம் என்று அளவுகோலுடன் படங்கள் கட்டாயம்.

படி 5: ஹோலோடைப்பும் பெயரும்

விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதிப்படி, 1999-க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு ஆதார மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றைப் பூச்சி) எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். முழுமையான, நிறம் ஏறிய ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு உடைந்தது வேண்டாம். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதென்றால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேட்டில் பதிவு செய்து, அந்தப் பதிவு விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பெயர் லத்தீன் எழுத்தில்தான் இருக்க வேண்டும், விவரிப்பு எந்த மொழியில் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பலரும் படிக்கும் மொழியில் எழுதுவதே நல்லது. உங்கள் பெயரையே பூச்சிக்கு வைக்க விதியில் தடை இல்லை, ஆனால் வைத்தால் துறையில் எல்லோரும் சிரிப்பார்கள். உணவுச்செடியின் பெயரும் கொஞ்சம் ஆபத்துதான், நாளைக்கே அது வேறொரு செடியிலும் கிடைத்துவிடலாம்.