மலையகத்து வீட்டுச் சுவருக்கு எந்தப் பெயின்ட்?

ஹட்டன், நுவரெலியா பக்கம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா, சுவருக்கு எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். துடைத்தால் பளிச்சென்று இருக்கும் என்று அடுப்படிச் சுவர் வரைக்கும் அதைத்தான் அடிக்கிறார்கள், ஆனால் நம் பக்கத்துச் சுவர்கள் மழைக்காலம் முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எண்ணெய்ப் பெயின்ட் அந்த ஈரத்தை வெளியே விடாது, கடைசியில் கொப்புளம் கொப்புளமாக உப்பி, நகத்தால் கீறினாலே பட்டை பட்டையாக உரியும். புதுச் சீமெந்துப் பூச்சில் இன்னும் மோசம், அதிலுள்ள காரம் பெயின்டின் எண்ணெயைச் சவர்க்காரமாக்கிவிடும். அதனால் 28 நாளாவது காயவிட்டு, தண்ணீரில் கரைக்கும் இமல்ஷனையே அடியுங்கள்.

கதவு, ஜன்னல் கம்பி, கேட் இதற்கெல்லாம் எனாமல் சரி.

இமல்ஷனுக்கு ஆகாதது குளிர். 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சரியாகப் பிடிக்காது, காய்ந்த பிறகும் கையில் மாவாக ஒட்டும். ஜனவரி இரவுகளில் நுவரெலியா அதைவிடக் குளிரும் என்பதால், காலையில் சுவரின் பனி ஈரம் வற்றியதும் தொடங்கி, பின்னேரம் மூட்டம் இறங்குவதற்கு நன்றாக முன்பே பிரஷைக் கழுவி வைத்துவிடுங்கள்.

அப்புறம், பழைய சுவரில் இருப்பது எதுவென்று தெரியாவிட்டால், பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் இமல்ஷன். வராவிட்டால் எனாமல், அதைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஒரு கோட் கொடுக்காமல் மேலே இமல்ஷன் அடித்தால் நிற்காது. மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.