குறி சுடும் பயிற்சிக்கு ஒரு தரமான .22 ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொழுதுபோக்காகக் குறி சுடத் தொடங்கும் ஒருவர் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், அனுபவமுள்ளவர்களில் பெரும்பாலோர் .22 லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுடும் ரிம்ஃபயர் ரைஃபிளையே கைகாட்டுவார்கள். இவ்வகைத் தோட்டாவில் தீ பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இல்லாமல், பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அந்த விளிம்பின் ஓரிடத்தை நசுக்கியதும் தோட்டா வெடிக்கிறது. 1887ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் இத்தோட்டாவின் பின்னுதைப்பு மிகக் குறைவு, விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. ஒரே பிற்பகலில் நூறு தோட்டாக்களைச் சுட்டாலும் தோள் நோகாது. நோகாத காரணத்தால், குண்டு விலகிப் போனதற்குத் துப்பாக்கியின் உதைப்பைச் சாக்காகச் சொல்லவும் முடியாது.

எந்தத் தூரத்தில், எந்த நிலையில், எதைச் சுடப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். சர்வதேசப் போட்டிகளின் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, குண்டின் விட்டமோ 5.6 மி.மீ. அந்த இலக்கைத் தாளில் ஒட்டிவைத்து, மேசைமேல் மணல்பையில் தாங்கி நிதானமாகச் சுட விரும்புபவருக்குக் கனமான குழலும், லேசாக இழுத்தாலே விடுபடும் விசையும் (டிரிகர்) உள்ள ரைஃபிள் பொருந்தும். இருபத்தைந்து மீட்டரில் தகர டப்பாக்களை நின்றபடி சுட்டு விழ வைப்பதில் மகிழ்ச்சி காண்பவருக்கு அதே ரைஃபிள் அரைமணி நேரத்தில் கை கடுக்கும் சுமையாகிவிடும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் மூன்று கிலோவை ஒட்டிய எடையுள்ள, நடுத்தரத் தடிமன் குழல் கொண்ட ரைஃபிளையே நான் பரிந்துரைப்பேன்.

இயங்குமுறையைப் பொறுத்தவரை, துல்லியமே முதல் நோக்கம் என்றால் போல்ட் ரைஃபிளைவிட எளிதான வழி இல்லை. போல்ட்டைக் கையால் திருகி மூடும்போது ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி அமர்கிறது. அசையும் உறுப்புகள் குறைவு. ஒவ்வொரு சுடுதலுக்கும் இடையே மூச்சைச் சீராக்கிக்கொள்ளும் கட்டாய இடைவெளியும் கிடைக்கிறது. சிஇசட் 457, டிக்கா டி1எக்ஸ் போன்றவை இந்த வகையில் நன்கு அறியப்பட்டவை. அவற்றுக்கு மேலே, போட்டியாளர்கள் நெடுங்காலமாக நம்பிவரும் ஜெர்மனியின் அன்ஷூட்ஸ் ரைஃபிள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ரைஃபிள்களில் 1964இல் வெளிவந்த ரூகர் 10/22க்கு இருக்கும் அளவு உதிரிபாக வசதி வேறெதற்கும் இல்லை எனலாம். அதன் குழலையும் விசைத் தொகுதியையும் தோளில் தாங்கும் கட்டையையும் வீட்டு மேசையிலேயே மாற்ற முடிகிறது. ஆனால் அப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனவர் கடைசியில் ஒரு நல்ல போல்ட் ரைஃபிளின் விலையைவிட அதிகம் செலவழித்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள்கள் கையாள இனிமையானவை. தாளில் சிறிய குரூப் (அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகளின் ஓட்டைக் கூட்டம்) எடுப்பதற்காக யாரும் அவற்றை வாங்குவதில்லை.

இனி, தரம் என்பது உண்மையில் குடியிருக்கும் இடமான குழலுக்கு வருவோம். நீளம் கூடினால் துல்லியம் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; .22 தோட்டாவில் அது பொருந்தாது. அதன் சிறிதளவு மருந்து ஏறத்தாழ 16 முதல் 18 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட நீளம் குண்டுக்கு வேகத்தைத் தருவதில்லை. திறந்த குறிமுனைகளைப் பயன்படுத்துபவருக்கு முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலான தூரம் கூடுவதால் நீளமான குழல் உதவும். ஸ்கோப் வைப்பவருக்கு அந்த நன்மையும் இல்லை. குண்டைச் சுழலவைக்கும் உட்புற வரிகள் 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றாக இருப்பதே வழக்கம். விற்பனையாளர் அதைத் தனிச் சிறப்பாகச் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது குழலின் வாய். குண்டு குழலைவிட்டு வெளியேறும் அந்தக் கடைசிக் கணத்தில் விளிம்பின் ஒரு பக்கம் சிறிது சிதைந்திருந்தாலும் வாயு ஒருபுறமாகக் கசிந்து குண்டைத் தள்ளிவிடும். ஆகவே, ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி எடுத்த பின், கைவிளக்கு ஒளியில் வாய் விளிம்பைச் சுற்றிலும் பார்த்து, வெட்டோ பள்ளமோ இருந்தால் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

குழலுக்கு இணையாக முக்கியமானது தோட்டா அறை. சாதாரண அறை எந்தத் தோட்டாவையும் தடையில்லாமல் ஏற்கும்படி சற்றுத் தளர்வாகக் கடையப்பட்டிருக்கும். போட்டித்தர அறை இறுக்கமாகவும் குட்டையாகவும் இருக்கும். வேறுபாட்டைக் கையாலேயே உணரலாம். சுடுதளத்தில், குழலை இலக்குத் திசையில் வைத்துக்கொண்டு, போட்டித்தர அறையில் ஒரு தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளினால், இறுதியில் சிறிது மீதமிருக்கும்போது அது நின்றுவிடும். போல்ட்டை மூடும்போது அந்த மிச்சத்தை அழுத்தி நகர்த்துவது உள்ளங்கையில் தெரியும். சுடாமல் அதை வெளியே எடுத்துப் பார்த்தால், ஈயக் குண்டின் மேல் குழல் வரிகளின் மெல்லிய தடங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். குண்டு சுடப்படுவதற்கு முன்பே வரிகளுக்குள் நேராகப் பிடிபட்டு நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இவ்வறையின் குறை, மெழுகும் கரியும் சேர்ந்துவிட்டால் தோட்டா அமர மறுப்பதும், சுடாத தோட்டாவை வெளியேற்றும்போது குண்டு வரிகளில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும். வேகமாகச் சுட விரும்பும் அரைத்தானியங்கிக்காரருக்கு இது தலைவலி. தாள் இலக்கில் நிதானமாகச் சுடுபவர் இதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

விசையைப் பற்றி எடையை மட்டுமே கேட்டு முடிவெடுப்பவர்கள் பலர். பயிற்சிக்கு ஏறத்தாழ 700 கிராம் முதல் ஒன்றேகால் கிலோ வரையிலான இழுவை வசதியானது; சில அரைத்தானியங்கிகள் இரண்டு கிலோவைத் தாண்டிய இழுவையுடனேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. துப்பாக்கியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை விரலால் இழுக்க வேண்டியிருந்தால் குறி அசையாமல் என்ன செய்யும்? ஆனாலும், எடையைவிட இழுவையின் தன்மைதான் பெரிது. கண்ணாடிக் குச்சி முறிவதுபோல முன்னறிவிப்பின்றி விசை விடுபட வேண்டும்; மணலில் செங்கல்லை இழுப்பதுபோல இடையிடையே சிக்கி நகரக்கூடாது; விடுபட்ட பிறகு விரல் பின்னோக்கி ஓடக்கூடாது. கடையில் சோதிக்கும்போது கவனம் தேவை: பல ரிம்ஃபயர் ரைஃபிள்களில் காலியாக விசையை அழுத்தினால் ஃபயரிங் பின் அறையின் விளிம்பிலேயே அடித்துவிடும். ஆகவே உரிமையாளரின் அனுமதியுடன், இதற்கென்றே விற்கப்படும் போலித் தோட்டாவை இட்டு, பாதுகாப்பான திசையில் பார்க்க வேண்டும். இழுவையை உரிமையாளரே சரிசெய்துகொள்ளும்படி தயாரிப்பாளர் அனுமதிக்கும் விசையாக இருந்தால் அது கூடுதல் மதிப்பெண்.

கட்டை அழகுக்கானது அன்று. கண்களை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் பொருத்தி, கன்னத்தை வசதியாகச் சாய்த்த பின் கண்ணைத் திறந்தால், கழுத்தை நீட்டவோ தலையைத் தூக்கவோ தேவையின்றிக் குறிமுனையோ ஸ்கோப்பின் முழு வட்டமோ நேராகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், கன்னத்தாங்கியின் உயரத்தையும் பின்கட்டையின் நீளத்தையும் மாற்றக்கூடிய வேறொன்றைப் பார்க்கலாம். அடுத்து, ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்து, முன்முனையிலிருந்து, போல்ட் அமைந்த உடல் பகுதிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். அது எங்கும் தடைபடாமல் போனால், குழல் கட்டையைத் தொடாமல் மிதக்கிறது என்று பொருள். திட மரம் ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும். அடுக்கு மரமும் பாலிமரும் அந்த அளவுக்கு அசைவதில்லை. நான் வாங்கிய முதல் ரைஃபிள் ஒரு மாதம் அருமையாகச் சுட்டுவிட்டு, பின்னர் காரணமின்றித் தாளெங்கும் ஓட்டை போடத் தொடங்கியது. ஸ்கோப்பை மாற்றினேன், தோட்டாவை மாற்றினேன், என் மூச்சுப் பயிற்சியையே சந்தேகித்தேன். கடைசியில், உடலைக் கட்டையோடு இணைக்கும் திருகுகளில் ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து, திருகுகளைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் என் பையில் நிரந்தரமாக இருக்கிறது.

ஸ்கோப் வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ரிம்ஃபயருக்கென்று செய்யப்பட்டவற்றில் இடமாறு பிழை (கண் நகரும்போது குறி நகர்வதாகத் தோன்றுவது) பெரும்பாலும் 50 கெஜத் தூரத்துக்குத் திருத்தப்பட்டிருக்கும். பெரிய ரைஃபிள்களுக்கானவற்றில் 100 கெஜத்துக்கோ அதற்கு மேலோ இருக்கும். எனவே அந்தத் தூரத்தைத் திருகி மாற்றும் வசதி இருப்பது நல்லது. ரைஃபிளின் மேலுள்ள பொருத்துத் தண்டு 11 மி.மீ. புறாவால் (சரிந்த பக்கங்களுள்ளது) வகையா பிக்காட்டினி (குறுக்கு வெட்டுகளுள்ளது) வகையா என்பதையும், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய ரைஃபிள் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. மென்மையான ஈயக் குண்டைச் சுடும் .22 குழல் எளிதில் தேய்வதில்லை, அலட்சியமான துப்புரவுத் தண்டுதான் அதைக் கெடுக்கிறது. காலியாகச் சுட்டுச் சுட்டு அறையின் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் தோட்டா நுழையும்போது உரசும், வெளியேறும்போது சிக்கும்.

உரிமம், சேமிப்பு, சுடுதள விதிகள் ஆகியவற்றை அவரவர் நாட்டுச் சட்டப்படி வாங்குமுன்பே முடித்துக்கொள்ள வேண்டும். சிறிய தோட்டா என்பதால் அசட்டை கூடாது: இக்குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடியது, கடினமான பரப்பிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும் இயல்புடையது. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

இறுதியாக, ரைஃபிளோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள் தோட்டா. ஒரே குழல், ஒரு பெட்டியில் அற்புதமாகவும் அடுத்த பெட்டியில் சுமாராகவும் சுடுவது ரிம்ஃபயரில் அன்றாட நிகழ்ச்சி. இதை ஏற்காதவர்கள்தான் நல்ல ரைஃபிளை விற்றுவிட்டு இன்னொன்றைத் தேடிப் போகிறார்கள். வேகம் மிகுந்த தோட்டா தாள் இலக்குக்குத் தேவையில்லை. நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகமுள்ள சாதாரண வகை ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பயணம் செய்கிறது. 370 மீட்டருக்கு மேல் புறப்படும் வகையோ வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறக்கூடும், பக்கக் காற்றிலும் அதிகம் விலகும். வேகமானது காற்றில் குறைவாக அல்லவா விலக வேண்டும் என்று தோன்றும். ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றுத்தடை சட்டென்று உயர்வதால் கணக்கு தலைகீழாகிறது. ஐம்பது மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைஃபிளின் குண்டு நூறு மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், நீண்ட தூரம் சுட ஆசைப்படுபவர் ஏமாற மாட்டார்.

சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், லாபுவா சென்டர்-எக்ஸ், ஈலி டெனெக்ஸ் என்று படிப்படியாக உயரும் தரங்களில் நான்கைந்து வகைகளை ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்று அடங்கிய காலையில், 50 மீட்டரில், மணல்பையில் தாங்கிச் சுட வேண்டும். வகை மாற்றும்போது முதல் பதினைந்து இருபது தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலிலிருந்து விலகி, புதியது படிய அவ்வளவு ஆகும். அதன் பின் ஐந்து குண்டுகள் கொண்ட ஐந்து குரூப்கள் சுட்டு, அவற்றின் சராசரியை எழுதிவைக்க வேண்டும். அழகான ஒரே குரூப்பை மட்டும் வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள் துப்பாக்கியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சராசரி 15 மி.மீ.க்குள் வந்தால் ரைஃபிள் மிக நன்று என்றும், 25 மி.மீ.க்குள் வந்தால் பயிற்சிக்குப் போதும் என்றும் நான் எடுத்துக்கொள்வேன். வென்ற பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள தோட்டாக்களை அந்த வாரமே கையில் உள்ள பணத்துக்கு வாங்கிவிட வேண்டும். அடுத்த மாதம் அதே பெயரில் வரும் பெட்டி வேறு தொகுதியாக இருக்கலாம், அப்போது சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.